விட்டவன் விழுக்காடு: திருமலை மடைப்பள்ளியும் அதன் சந்தையும்

இன்றைய தமிழில் ‘விழுக்காடு’ என்றால் நூற்றுக்கு இத்தனை என்று பொருள். வங்கி வட்டிக்கும் தேர்தல் வாக்குக்கும் அச்சொல்லே வழங்குகிறது. திருமலைக் கோயிலின் சுவர்களில் அதே சொல் 500 ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பொருளில் செதுக்கப்பட்டது. ‘விட்டவன் விழுக்காடு’ என்னும் தொடர் அங்குள்ள கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. கட்டளை விட்டவனுக்கு விழும் பங்கு என்பது அதன் பொருள். திருவேங்கடமுடையானுக்கு அமுது படைக்க ஒருவர் பொன்னோ நிலமோ அளித்தால், படைத்த அமுதில் நான்கில் ஒரு பங்கு அவருக்குத் திரும்பி வரும். எஞ்சிய மூன்று பங்கு கோயிலின் பல்வகைப் பணியாளர்க்கும் வைணவ அடியார்க்கும் பிரிக்கப்படும். இந்த ஏற்பாடு சந்திராதித்தர் உள்ளவரை நடக்க வேண்டும் என்பது கல்லில் எழுதப்பட்ட உடன்படிக்கை.

ஒரு பொருளை எவ்வாறு செய்வது என்பதும், அப்பொருள் சந்தையில் யாருக்காக எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று இன்றைய மேலாண்மைப் பாடநூல்கள் கூறுகின்றன. அந்தப் பொருத்தம் எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு குலைகிறது என்பதை நீண்ட காலப் பரப்பில் காண விரும்புவோர்க்குத் திருமலை மடைப்பள்ளியைவிடச் சிறந்த ஆவணக் களஞ்சியம் தென்னிந்தியாவில் வேறொன்று இருப்பது அரிது. காரணம் எளியது. அங்கே என்ன சமைக்கப்பட்டது, எவ்வளவு அரிசியும் நெய்யும் சேர்ந்தன, பணம் எங்கிருந்து வந்தது, சமைத்ததில் யாருக்கு எவ்வளவு என்பன எல்லாம் கல்லில் உள்ளன.

இக்கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சித்தூர், திருப்பதி வட்டாரம் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருப்பதால் இச்செய்தி சிலர்க்கு வியப்பளிக்கலாம். 1930-களில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோரைக் கொண்டு இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. கோயில் வரலாற்றை எழுதிய அனைவரும் அத்தொகுதிகளின்மேல் நின்றே எழுதினர். இவற்றுள் பழமையான கொடைகளில் ஒன்று சாமவை என்ற பல்லவ அரசகுலப் பெண்ணுடையது. வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்தளித்து, அதற்கான பூசைக்கும் விழாவுக்கும் நிலம் விட்ட அவரது செயல் 10-ஆம் நூற்றாண்டினது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எனினும் மடைப்பள்ளி ஒரு பெரும் பொருளாதார நிறுவனமாக வளர்ந்தது விசயநகரக் காலத்தில், அதிலும் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை.

அவ்வளர்ச்சியின் இயக்கத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன். 1960-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, திருப்பதிக் கோயிலை ஒரு முதலீட்டு நிறுவனமாகக் காட்டியது. கொடையாளர் ஸ்ரீபண்டாரத்தில் நற்பணம் செலுத்துவார். கோயிலை நிர்வகித்த தானத்தார் அப்பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. கோயிலுக்கு உரிய திருவிடையாட்ட ஊர்களில் ஏரியை ஆழப்படுத்தவும் கால்வாய் வெட்டவும் அதைச் செலவிடுவார்கள். நீர் பாய்ந்த நிலத்தில் விளைச்சல் கூடும். கூடிய விளைச்சலிலிருந்து கொடையாளர் குறித்த தளிகைக்கு வேண்டிய அரிசி முதலியன வரும். ஒரு கட்டளையின் முதல் என்பது ஓர் ஊரின் வாய்க்காலாக மாறி நிற்கும். அதன் வட்டி ஆண்டுதோறும் அமுதாக மலையேறும்.

இவ்விடத்தில் சற்று நின்று நோக்கத் தக்க செய்தி உண்டு. மடைப்பள்ளிக்கு வேண்டிய மூலப்பொருள் சந்தையில் வாங்கப்படவில்லை. கொடைப் பணமே அதை விளைவித்தது. பொருளின் தரமும் அளவும் காலமும் வயலிலேயே உறுதி செய்யப்பட்டன. வறண்ட சித்தூர்ப் பகுதியில், மழை பொய்த்தால் ஏரி வற்றும் நிலத்தில், தளிகை தடைப்படாமல் இருக்க வேண்டுமானால் தளிகைக்கு முன்பே நீரைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தானத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

இனி, அமுதுக்கு வருவோம். கல்வெட்டுகளில் இரு வகை உணவு தெரிகிறது. ஒன்று சோற்று வகை: திருப்போனகம், பொங்கல், பலவகைச் சித்திரான்னங்கள். மற்றொன்று பணியார வகை: அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, இட்டலிப்படி, தோசைப்படி, மனோகரப்படி என்று அவை பெயர் பெறுகின்றன. ‘படி’ என்பது இங்கே ஒரு குறித்த அளவுத் தொகுதி. ஒரு படிக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு மிளகு என்பது மரக்காலும் நாழியுமாக எழுதப்பட்டிருக்கும். கோயில்களில் இவ்வாறு அளவு வரையறுப்பதைப் படித்தரம் என்பர். பொருளின் தரக் குறிப்பேடு என்று இன்று சொல்லப்படுவது அதுவே.

சோறு அன்றே உண்ணப்பட வேண்டியது. மறுநாளைக்கு நில்லாது. ஆகவே சோற்றுப் பங்கு மலைமேலேயே முடிந்துவிடும். சாளுவ நரசிம்மன் சந்திரகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட காலத்தில் திருமலையிலும் கீழ்த்திருப்பதியிலும் இராமானுசகூடங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் பொறுப்பாளரான கந்தாடை இராமானுச ஐயங்கார் அக்கால நிர்வாகத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தார். கட்டளை விட்டவர் பலர் தம் நான்கில் ஒரு பங்கை இராமானுசகூடத்துக்கே எழுதி வைத்தனர். வரும் வைணவ யாத்திரிகர் அதை உண்டனர். கொடையாளர்க்குப் புண்ணியம், யாத்திரிகர்க்குச் சோறு, அதை நடத்தியவர்க்குச் செல்வாக்கு என மூன்றும் ஒரே பானையில் வெந்தன.

பணியாரத்தின் கதை வேறு. நெய்யில் வெந்த அதிரசமும் பாகில் பிடித்த மனோகரமும் சில நாள் கெடாமல் இருக்கும். மூட்டை கட்டி எடுத்துச் செல்லலாம். கட்டளை விட்டவர் எல்லாரும் மலையில் வாழ்ந்தவர் அல்லர். 1513-இல் முதன்முறையாக வந்து பின் பலமுறை வந்த கிருஷ்ணதேவராயரைப் போன்ற அரசர்களும், படைத்தலைவர்களும், வணிகர்களும், கோயிலில் ஆடிப்பாடிய எம்பெருமானடியார்களும், தாளப்பாக்கம் அன்னமாசார்யரின் மகன் பெத்த திருமலாசார்யர் போன்றோரும் கொடையாளராயினர். ஒரு படைத்தலைவர் விட்ட கட்டளையின் பங்கு ஆண்டு முழுவதும் சேரும்போது அதை அவரோ அவர் வீட்டாரோ உண்டு தீர்க்க இயலாது. எனவே பங்கைப் பிறருக்கு எழுதிக் கொடுப்பதும், யாத்திரிகர்க்கு விற்பதும் வழக்கமாயின. படைக்கப்பட்ட உணவு மலைமேல் ஒரு சந்தைப் பொருளாயிற்று. அச்சந்தையில் சோற்றைவிடப் பணியாரத்துக்கே நீண்ட ஆயுள் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பணியாரப் படிகளின் பெயர்ப்பட்டியல் நீண்டதற்குப் பக்திச் சுவையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. அன்றைய மடைப்பள்ளியின் உண்மையான வாடிக்கையாளர் யாத்திரிகர் அல்லர், கட்டளை விட்டவரே. அவர் விரும்பியது தம் பெயரால், தாம் குறித்த நாளில், தாம் குறித்த பண்டம் படைக்கப்படுவது. ஒருவர் விட்டது அப்பப்படி என்றால் அடுத்தவர் அதிரசப்படி விடுவார். திருவிழா நாள், திருநட்சத்திரம், தோட்டத்துத் திருவோலக்கம் என்று வேளைகளும் பெருகின. பண்டங்களின் பன்மையே அக்காலத் திட்டத்தின் உயிர். வாங்குவோர் சிலர், ஒவ்வொருவரும் பெரிய தொகை செலுத்துவோர், ஒவ்வொருவர்க்கும் தனித்த பெருமை வேண்டும் என்ற நிலையில் அது முற்றும் பொருந்திய ஏற்பாடு.

ஒப்புநோக்க ஒரிசாவின் புரியைக் காணலாம். செகந்நாதர் கோயிலின் மகாபிரசாதம் முதன்மையாகச் சோறு. அது கோயில் வளாகத்துக்குள் உள்ள ஆனந்த பசாரில் மண்பானையோடு விற்கப்பட்டு அங்கேயே உண்ணப்படுகிறது. ஊருக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர்க்கு அதே சோற்றை வெயிலில் உலர்த்தி ‘நிர்மால்யம்’ என்று சிறு பையில் தருகின்றனர். புரி சோற்றை விடவில்லை. பயணத்துக்காக அதை உலர்த்திற்று. திருமலை நெய்யையும் பாகையும் நாடிற்று.

1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் தளர்ந்தது. கொடைகள் குறைந்தன. பெரும் கொடையாளர் வகுப்பே மெல்ல மறைந்தபோது அவர்களுக்காக அமைந்த பண்ட வரிசையும் பொலிவிழந்தது. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் கோயில் வருவாய் குத்தகைக்கு விடப்பட்டது. 1801-இல் ஆற்காட்டு நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்ததும் கோயிலும் அதன் மேற்பார்வைக்குள் வந்தது. சித்தூரில் இருந்த வட ஆற்காட்டு ஆட்சியர் அலுவலகமே இனி மடைப்பள்ளிக் கணக்கையும் பார்க்கலாயிற்று. ஆட்சியர் ஸ்டிராட்டன் 1803-இல் கோயிலின் பூசை, செலவு, பணியாளர் உரிமை முதலியவற்றைத் திரட்டி அறிக்கை அளித்தார். 1821-இல் புரூஸ் வகுத்த விதித்தொகுப்பு நிர்வாகத்துக்குச் சட்டமாக நின்றது. கும்பினி அலுவலர்க்கு இறைவழிபாட்டில் ஆர்வம் இல்லை. வருவாய் குறையக் கூடாது, வழக்கு எழக் கூடாது என்ற இரண்டே கவலை. பழைய வழக்கம் எதுவோ அதை எழுதி வைத்து அதன்படியே நடத்தினர். புதிய பண்டம் பிறப்பதற்கு அது ஏற்ற காலமன்று. 1843-இல் கும்பினி விலகிக்கொள்ள, ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் 90 ஆண்டுகள் கோயிலை நடத்தினர். 1933-இல், முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தேவஸ்தானக் குழு பொறுப்பேற்றது.

அதற்குள் வாடிக்கையாளர் மாறிவிட்டார். இருப்புப்பாதை திருப்பதியை எட்டியதும் தொலைவூர் எளியோர் பெருந்தொகையாக வரலாயினர். ஆயினும் அலிபிரியிலிருந்து மலையேறக் கால்களோ டோலியோதான் வழி. 1944-இல் முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. பேருந்து திருமலைக்கே செல்லலாயிற்று. மலைச்சாலை எவ்வாறு ஒரு கோயிலின் தன்மையை மாற்றுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா. நூற்றுக்கணக்கில் வந்தவர் ஆயிரக்கணக்கிலும், பின்னர்ப் பல்லாயிரக்கணக்கிலும் வந்தனர். 1974-இல் இரண்டாம் மலைப்பாதையும் வந்தது. இப்போது கட்டளை விடும் சிலர்க்காக மட்டும் பண்டம் செய்தல் இயலாது. ஒருவர் ஒரு முறை வருவார், சில நொடி தரிசிப்பார், சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ பெங்களூருக்கோ திரும்புவார். வீட்டில் காத்திருப்போர்க்கும் அண்டை வீட்டார்க்கும் எதையேனும் கொண்டு செல்ல வேண்டும்.

லட்டு எப்போது தோன்றிற்று என்பதில் இரு வழக்குகள் உள்ளன. 1715 ஆகஸ்ட் 2 என்ற நாளைக் குறிப்பிடுவோர் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் செய்தித்தாள்கள் லட்டின் பிறந்தநாளைக் கொண்டாடுவதும் உண்டு. 1940-ஐ ஒட்டி, மடைப்பள்ளி மிராசு பெற்ற கல்யாணம் ஐயங்கார் காலத்தில், உதிரியாக இருந்த பூந்தி இன்றைய உருண்டையாயிற்று என்பது மற்றொன்று. வரலாற்று நோக்கில் இரண்டாவதே எடை மிக்கது. எப்போது முதலில் செய்தார்கள் என்ற வினாவைவிட, எப்போது அது ஒன்றே எல்லார்க்குமான பிரசாதமாயிற்று என்ற வினா பயனுடையது. அதற்குரிய விடை மலைப்பாதைக் காலத்தை ஒட்டியே அமைகிறது.

உதிரிப் பூந்தியும் லட்டும் ஒரே மாவு, ஒரே நெய், ஒரே பாகு. ஆயினும் சந்தையில் இரண்டும் ஒன்றல்ல. உதிரிப் பூந்தியை அளக்க வேண்டும். அளப்பவர் கை ஏறலாம், இறங்கலாம். லட்டை எண்ணலாம். உதிரிப் பூந்திக்குத் தொன்னை வேண்டும்; லட்டைக் கையில் வாங்கலாம். வரிசையில் நிற்கும் பல்லாயிரவர்க்குத் தகராறின்றிச் சமமாக வழங்க ஏற்றது லட்டு. வீட்டில் அதை உடைத்து இருபது பேருக்குக் கொடுத்தாலும் ஒவ்வொரு துணுக்கும் முழுப் பிரசாதமாகவே கொள்ளப்படும். பல பண்டங்களின் இடத்தில் ஒரு பண்டம் வந்து அமர்ந்தது. அதிரசமும் அப்பமும் ஒழியவில்லை; வடையும் பொங்கலும் புளியோதரையும் இன்றும் படைக்கப்படுகின்றன. ஆனால் ‘திருப்பதிப் பிரசாதம்’ என்ற சொல்லுக்கு மக்கள் மனத்தில் ஒரே பொருள்தான் எஞ்சியது.

ஒரு பண்டத்தில் அனைத்தும் குவிந்தபின் அதன் படித்தரம் முன்னினும் முக்கியமாயிற்று. தேவஸ்தானம் 1950-இல் லட்டுக்கான பொருளளவைத் ‘திட்டம்’ என்ற பெயரில் வரையறுத்தது. 2001-இல் திருத்தப்பட்டது ‘படித்தரத் திட்டம்’ எனப்பட்டது. தெலுங்கு அலுவலகத்தில் நின்று நிலவும் இவ்விரு சொற்களும் கல்வெட்டு மொழியின் எச்சங்கள். அதன்படி 5,100 லட்டுக்குக் கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400, நெய் 165, முந்திரி 30, உலர்திராட்சை 16, கற்கண்டு 8, ஏலம் 4 ஆக 803 கிலோ. ஒரு லட்டுக்கு மூலப்பொருள் சுமார் 157 கிராம். அதில் நெய் மட்டும் 32 கிராம். அன்றாட விற்பனைக்குரிய சிறு லட்டு ‘ப்ரோக்தம்’ எனப்படும். கல்யாண உற்சவம் செய்வோர்க்குப் பெரிய லட்டு. குங்குமப்பூவும் கூடுதல் நெய்யும் சேர்ந்த ஆஸ்தான லட்டு சிறப்பு நாள்களில் மதிப்புக்குரியோர்க்கு. பழைய கட்டளைக்காரர்க்குரிய தனிப் பெருமை முற்றும் அழிந்துவிடாமல் இவ்வாறு மூன்று படிகளாகச் சுருங்கி நிற்கிறது.

பங்கு முறையின் கடைசித் தூண் 1987-இல் சாய்ந்தது. ஆந்திர அரசின் அறநிலையச் சட்டம் பரம்பரை மிராசு உரிமைகளை நீக்கிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. படைத்ததில் பங்கு பெற்ற குடிகள் இனிச் சம்பளம் பெறும் பணியாளராயினர். விறகடுப்பு அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன்பே எரிவாயுவுக்கு இடம் கொடுத்திருந்தது. இன்று நாள்தோறும் செய்யப்படும் லட்டு மூன்று லட்சத்துக்கும் மேல்.

இனி விலை. வழக்கமான வணிக அறிவுக்கு இது விளங்காது. அளவுகடந்த தேவை உள்ள பண்டம், போட்டியாளர் இல்லை, ஆயினும் நெடுங்காலம் தரிசனம் செய்தோர்க்கு ஒரு லட்டு 10 ரூபாய்க்கு, அடக்க விலைக்கும் மிகக் குறைவாக, வழங்கப்பட்டது, கூடுதலாக வேண்டுவோர்க்கு 25 ரூபாய். 2020 சனவரி முதல் தரிசனம் செய்யும் ஒவ்வொருவர்க்கும் ஒரு லட்டு இலவசம். கூடுதல் லட்டு 50 ரூபாய். தேவையைக் கட்டுப்படுத்துவது விலையன்று, வரிசை. லட்டு வேண்டுமானால் மலையேற வேண்டும், காத்திருக்க வேண்டும், தரிசிக்க வேண்டும். எந்தக் கடையிலும் கிடைக்காத நிலையே அதன் மதிப்பு. அண்டை ஊர்களில் அதே சுவையில் பூந்தி லட்டு செய்ய வல்லவர் பலர் உளர். அவர்கள் செய்வது இனிப்பு மட்டுமே.

இந்த இடத்தைச் சட்டத்தால் காக்கவே தேவஸ்தானம் புவிசார் குறியீடு கோரிப் பெற்றது. 2009-இல் பதிவு செய்யப்பட்டது. அப்போது எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. புவிசார் குறியீடு ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலைச் செய்யும் பலர்க்கான பொது உரிமை. காஞ்சிபுரம் பட்டு நெய்வோர் பலர். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் செய்யும் பண்டத்துக்கு அதை வழங்கலாமா என்று சட்டமறிந்தோர் வினவினர். அவ்வினாவுக்கு நிறைவான விடை கிடைத்ததாகச் சொல்ல இயலாது. எனினும் தேவஸ்தானம் எதைக் காக்க முயன்றது என்பது தெளிவு: செய்முறையைக் காட்டிலும், பண்டத்துக்கும் மலைக்கும் உள்ள பிணைப்பை.

அப்பிணைப்பு 2020-இல் வினோதமாகச் சோதிக்கப்பட்டது. பெருந்தொற்றால் மார்ச் 20 முதல் இரண்டரை மாதத்துக்கு மேல் யாத்திரிகர்க்குக் கோயில் மூடப்பட்டது. மே மாத இறுதியில் ஆந்திர மாவட்டத் தலைநகரங்களின் தேவஸ்தான மண்டபங்களில் லட்டு பாதி விலைக்கு, 25 ரூபாய்க்கு, விற்கப்பட்டது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். தரிசனம் இல்லாத லட்டுக்கும் தேவை உண்டு என்பது தெரிந்தது. தேவஸ்தானம் விரும்பியிருந்தால் அதையே நிலையான பெருவணிகமாக்கியிருக்கலாம். சில நகரங்களில் உள்ள தன் மையங்களில் குறைந்த அளவு வழங்குவதோடு அது நின்றது. 2024 ஆகஸ்டில் இன்னும் இறுக்கியது: தரிசனச் சீட்டு இல்லாதவர்க்கு ஆதார் காட்டினால் இரண்டு லட்டு. இடைத்தரகரைத் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் எதுவாயினும் அது பண்டத்தை மீண்டும் மலையோடு கட்டும் செயலே.

அடுத்த மாதமே வேறொரு திசையிலிருந்து இடி விழுந்தது. நெய்.

32 கிராமை மூன்று லட்சத்தால் பெருக்கினால் நாளொன்றுக்குப் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. லட்டுக்கு மட்டும் இது. இவ்வளவு பசுநெய் ஒப்பந்தப்புள்ளி வழி வாங்கப்படுகிறது. பல ஆண்டுகள் நெய் அளித்துவந்த கர்நாடகக் கூட்டுறவு இணையம், தன் நந்தினி நெய்யை அந்த விலைக்குத் தர இயலாது என்று 2023-இல் வெளிப்படையாகக் கூறிற்று. குறைந்த விலை சொன்னவர்க்கு ஒப்பந்தம் சென்றது. கிலோ ரூ. 320 அளவில் வாங்கப்பட்ட நெய்யில் கலப்படம் என்ற செய்தி 2024 செப்டம்பரில் வெடித்தது. அது அரசியல் பூசலாகி, அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை, மாநிலக் காவல் துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அலுவலர் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. குற்றம் யாருடையது என்பதை விசாரணையும் நீதிமன்றமும் சொல்ல வேண்டும். கட்சிக் கூச்சலுக்கு அப்பால் நிற்கும் ஒன்றை மட்டும் இங்கே சுட்டலாம். உலகில் வேறெங்கும் கிடைக்காதது என்று நிறுத்தப்பட்ட பண்டத்தின் உயிர்ப்பொருள், எங்கும் கிடைக்கும் சரக்கைப் போல, யார் குறைத்துச் சொல்வர் என்ற அளவுகோலால் வாங்கப்பட்டது. பண்டம் ஓரிடத்தில் நின்றது, கொள்முதல் வேறோரிடத்தில் நின்றது. இலவச லட்டும் மலிவு விலையும் கொடுத்த அழுத்தம் நெய்யின் மேல் இறங்கிற்று என்று கருத இடமுண்டு.

தானத்தாரின் வாய்க்கால்கள் இங்கே நினைவுக்கு வருவது தவிர்க்க இயலாதது. 16-ஆம் நூற்றாண்டில் கொடைப் பணம் ஊர்களின் நீராகி, நெல்லாகி மடைப்பள்ளிக்குத் திரும்பிற்று. இன்று உண்டியல் பணம் வங்கி வைப்பாகிறது. நெய் லாரியில் வருகிறது. சித்தூர் வறண்ட மாவட்டமாயினும் பாலுக்குப் பெயர் பெற்றது. 1992-இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய ஹெரிடேஜ் நிறுவனம் இன்று பல மாநிலங்களில் பால் விற்கிறது. ஆனால் சித்தூரின் பழைய கூட்டுறவுப் பால்பண்ணை 2002-இல் மூடப்பட்டுத் துருவேறிக் கிடந்தது. 2023-இல்தான் அமுல் வழியாக அதை உயிர்ப்பிக்க அடிக்கல் நாட்டப்பட்டது. மலையடிவாரத்துப் பால்காரக் குடும்பங்களின் மாடுகளில், தீவனத்தில், குளிரூட்டும் நிலையங்களில் தேவஸ்தானம் முதலிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற வினாவை எவரும் பெரிதாக எழுப்பவில்லை. 2021-ஐ ஒட்டி இயற்கை வேளாண் உழவரிடமிருந்து பிரசாதத்துக்கான கடலை முதலியவற்றை நேரே பெறும் முயற்சி ஒன்று தொடங்கிற்று. அது பழைய முறைக்கு மிக அருகில் வந்த செயல். நெய்யின் அளவோடு ஒப்பிட மிகச் சிறியது.

நந்தினி நெய் கூடுதல் விலைக்குத் திரும்பி வந்தது. நெய்யில் கலப்படம் கண்டறியும் கருவிகளைத் தேசியப் பால்வள வாரியம் திருமலைக்கே வழங்கிற்று. லட்டின் எண்ணிக்கை குறையவில்லை, வரிசையும் குறையவில்லை.

இதற்கிடையில் பழைய ஏற்பாடு ஒன்று ஓசையின்றித் தொடர்கிறது. தேவஸ்தானத்தின் அன்னப்பிரசாத அறக்கட்டளை முதலியவற்றுக்குப் பெருந்தொகை அளிப்போர்க்கு ஆண்டுதோறும் தரிசனமும் குறித்த எண்ணிக்கையில் லட்டும் உரிமையாக உண்டு. அளித்த தொகைக்கேற்ப எண்ணிக்கை ஏறும். அந்தப் பட்டியல் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிடப்படுகிறது. விட்டவன் விழுக்காடு என்ற தலைப்பு மட்டும் அதில் இல்லை.